கழுவிய கண்ணாடியில் சிவப்புக் குச்சிகள்

சளியைத் தடவிப் பார்க்க விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மூலையில் கீறிய நோயாளியின் எண். அறுபதுகளில் செஞ்சியில், இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் சளி பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். புதுக் கண்ணாடிகள் சென்னையிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். பார்த்து முடித்தவற்றைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து மறுபடி எடுத்துக்கொள்வோம். காசநோய்க் கிருமி தெரிந்ததை மட்டும் உடைத்துப் புதைத்துவிட வேண்டும் என்பது விதி. நல்ல கண்ணாடியை உடைக்க எனக்கு மனம் வராது. அதையும் சேர்த்துக் கழுவிவிடுவேன். சிக்கனக்காரன் என்று டாக்டரிடம் பெயர் வாங்கியதில் பெருமை வேறு.

வல்லம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்த அம்மாள் ஒருநாள் வந்தார். சமையலம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முப்பது வயது இருக்கும். ஒரு மாதமாக இருமல்.

"விறகுப் பொக சார், வேற ஒன்னும் இருக்காது. சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க. நாளைக்குப் பசங்களுக்குச் சோறாக்கணும்" என்றார்.

என் மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது. அடியில் இருக்கும் சின்ன முகக்கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இறங்கப் போகிற நேரத்தில் அவசர அவசரமாகப் பார்த்தேன். சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. 'கிருமி உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். இவரைச் சமைக்க விட வேண்டாம் என்று டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுதி, அதை அம்மாளின் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை நல்ல வெயில். ஏதோ உறுத்தியது, அதே கண்ணாடியை மறுபடி வைத்தேன். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போல ஒரு பூச்சு உண்டு. ஒருமுறை ஏறிய சிவப்புச் சாயத்தை அமிலம் ஊற்றினாலும் அது விடாது. மற்றதெல்லாம் சிவப்பை விட்டுவிட்டு அடுத்து ஊற்றும் நீலத்தை வாங்கிக்கொள்ளும். மனித செல் பெரியது, உள்ளே உறை போட்ட உட்கரு இருக்கும். பாக்டீரியாவுக்கு அந்த அறையெல்லாம் கிடையாது. சுவருக்குள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மனித செல்லிலும் வகை உண்டு. நெஞ்சுச் சளி என்றால் துண்டு துண்டான உட்கருவோடு சீழ் செல்கள் மொய்க்கும். இந்தக் கண்ணாடியில் சீழ் செல் ஒன்றுகூட இல்லை. அகலமாக, தட்டையாக, நடுவில் ஒரே ஒரு புள்ளியோடு கன்னத்து உட்தோலின் செல்கள் மட்டும். அம்மாள் துப்பியது வெறும் எச்சில். குச்சிகளோ அந்தச் செல்கள் தெளிவாகத் தெரியும் மட்டத்தில் இல்லை. அவற்றுக்கு அடியில், கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன. மூலையில் இருந்த பழைய எண்ணை ஏட்டில் தேடினேன். போன மாதம் வந்த ஒரு காசநோயாளியின் எண். நான் உடைக்காமல் கழுவி வைத்தது.

அம்மாளின் ஊருக்கு ஒரு பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொன்னால் என் வேலை போகும். கண்ணாடியை உடைத்து, விதிப்படி கொல்லையில் புதைத்தேன்.

அம்மாளுக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். "பால்குடி மறக்காத புள்ள சார், என்னாண்ட வுடமாட்டேங்கிறாங்க" என்று என்னிடமே வந்து அழுதார். முதல் ஊசி போட்ட வாரத்திலிருந்தே, ஒவ்வொரு முறை நெஞ்சுச் சளி பார்த்தபோதும் 'கிருமி இல்லை' என்று எழுதினேன். மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

குணமான பிறகும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஊருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடி நின்றதைப் பார்த்ததும் "இப்போது கிருமி இல்லை" என்று மட்டும் வாய் சொன்னது. 'எப்போதுமே இல்லை' என்று வரவில்லை.

"போன நோவு திரும்பி வராதுன்னு இன்னா நிச்சயம்? இந்தம்மா ஆக்குன சோத்த முதல்ல நீ சாப்புடு, பாக்கலாம்" என்றார் ஒருவர்.

அம்மாள் இலை போட்டுச் சோறும் சாம்பாரும் பரிமாறினார். அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். அப்படியும் அம்மாளுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. வல்லம் பக்கம் போனால் அன்றைய என் துணிச்சலைப் பற்றிப் பேச இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அன்று சாப்பிட்டு எழுந்தபோது அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே பயந்துச்சி சார். நீங்க ஒருத்தருதான் பயப்படாம என் கையால சாப்ட்டீங்க."

பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். "அதனாலென்ன அம்மா" என்றேன்.