கேட்ட பாடத்துக்கெல்லாம் வந்த சிவப்புச் சட்டை

சகோதரிகளே, என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. எங்கள் ஊரின் பெயர் மண்டபம், பாம்பன் பாலத்துக்கு இக்கரை. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். கார்த்திகை மாத வாடைக் காற்றில், வடக்குத் துறையிலிருந்து போன வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர் சேரவில்லை. மய்யித்தும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுதார்கள். என் மனம் அதை ஏற்கவில்லை. தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வடக்குத் துறையில் போய் நிற்பேன். ஏதாவது ஒதுங்காதா, ஒரு துணியாவது ஒதுங்காதா என்று பார்ப்பேன். வருடங்கள் இப்படியே போயின.

மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, துறையே கதின்னு கிடக்காதீங்க. வீட்டுல இருந்தே படிக்கலாம், நீங்களும் டிகிரி படிங்க."

பன்னிரண்டாம் வகுப்போடு எனக்கு நிக்காஹ் ஆனது. ஆனால் படிக்கிற ஆசை விடவில்லை. வடை சுற்றி வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் போடுவேன். தமிழ் பிடிக்கும். வரலாறு பிடிக்கும். மனுசர் மனதைப் பற்றிப் படிக்கிற உளவியல் பிடிக்கும். பள்ளியில் வரைபடம் வரைந்ததால் புவியியலும் பிடிக்கும். எல்லாம் பிடித்ததுதான் என் வியாதி. நாற்பத்து மூன்று வயதில் தப்பான பாடத்தில் சேர்ந்து பாதியில் நிறுத்தினால் ஊர் சிரிக்கும். இன்னொரு முறை துணிச்சலும் வராது.

அதனால் இஸ்திகாரா தொழுதேன். இரண்டு ரக்அத் தொழுது, எனக்கு நல்லதை நீயே தேர்ந்தெடு என்று அல்லாஹ்விடம் ஒப்படைக்கிற தொழுகை. தொழுதுவிட்டுத் தூங்கினால் கனவில் பதில் வரும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. என் மாமியும் சொன்னார்: "பச்சையோ வெள்ளையோ கண்டா நல்லது. கறுப்போ செவப்போ கண்டா அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதம்மா."

முதலில் தமிழைக் கேட்டுத் தொழுதேன். விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு கண்ணயர்ந்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்புச் சட்டையில். எழுந்து உட்கார்ந்தேன். பாய் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். தமிழை விட்டேன். வரலாற்றைக் கேட்டேன், அதே சட்டை. உளவியலைக் கேட்டேன், அதே முதுகு. புவியியலைக் கேட்கவே பயமாக இருந்தது. சேர்வதற்குக் கடைசி நாளும் நெருங்கிவிட்டது. யா அல்லாஹ், நான் படிப்பது உனக்குப் பிடிக்கவில்லையா, இல்லை, நான் பிழைத்துக் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லையா என்று நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் கிடந்து அழுதேன்.

மகளிடம் சொன்னேன்.

"உம்மா, வாப்பா கடைசியாப் போகையில அந்தச் செவப்புச் சட்டையத்தானே போட்டிருந்தாக? வேற எந்தச் சட்டையில வருவாக உங்க கனவுல?"

நான்தான் அதைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்று, இஸ்திகாராவில் ஓதுகிற வேண்டுதலான அந்த துஆவின் பொருளை நிதானமாகப் படித்தேன். நன்மையென்றால் எளிதாக்கு, தீமையென்றால் என்னை விட்டுத் திருப்பு என்றுதான் அதில் கேட்கிறோம். கனவு என்ற பேச்சே இல்லை. இத்தனை நாள் அரபியில் ஓதியும் எனக்கு அது உறைக்கவில்லை.

கேட்கப் பயந்த புவியியலையே மனதில் வைத்து, மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு இஸ்திகாரா தொழுதேன். தூங்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே தொலைநிலைக் கல்வி மையத்தில், பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றார்கள். "வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்று அங்கிருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு தடங்கலும் இல்லாமல் புவியியலில் சேர்ந்தேன்.

பதில் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீரோட்டம் பற்றிய பாடம். ஆசிரியை பலகையில் எங்கள் ஊரையே வரைந்தார். வாடைக் காலத்தில் வடகடல் தண்ணீர் பாம்பன் வழியாகத் தெற்கே இறங்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் திரும்பும் என்றார். பேனாவை மூடி வைத்தேன். அவர் போனது வாடையில். நான் இத்தனை வருடம் நின்றது வடக்கே.

வீட்டுக்கு வந்ததும் என் கொழுந்தனைக் கேட்டேன். அவரும் கடலுக்குப் போகிறவர்.

"வாடையில தண்ணி தெக்க இறங்கும்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியும் மதினி. நாங்க தெக்கதான் தேடுனோம். வடக்க நீங்க நிக்கிறதப் பாக்குறப்பல்லாம் சொல்லணும்னு வருவேன். சொன்னா, தேடியும் கிடைக்கலைங்கிறதையும் சேத்துல்ல சொல்லணும். வாய் வரல."

மறுநாள் அஸருக்குப் பிறகு தெற்குத் துறைக்குப் போனேன். கடல் அசையாமல் கிடந்தது. அதுவரை என் துஆ ஒன்றே ஒன்றுதான்: அவரைத் திருப்பிக் கொண்டுவா. அன்று கையேந்தியபோது வாயில் வேறு வந்தது. யா அல்லாஹ், அவரை மன்னித்துவிடு, அவர் அடங்கிய கப்ர் எந்தத் தண்ணீரில் இருந்தாலும் அதை விசாலமாக்கு. இறந்துபோனவருக்குக் கேட்கிற துஆவை என் வீட்டுக்காரருக்காக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாய்விட்டு அழுதேன்.

இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். கனவு இன்னும் வருகிறது. அதே சட்டை, அதே முதுகு. பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்கிறேன்.

என்னைப் போல முடிவெடுக்க முடியாமல் தவிக்கிற சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கனவுக்காகப் படுத்துக் கிடக்காமல், எழுந்து பஸ் ஏறுங்கள். நான் ஒரு பாடத்தைத்தான் கேட்டேன். அவர் போன திசையையும் அவன் காட்டிக் கொடுத்தான்.