அம்மா முறைக்கும் பேனர்

பேனர் கடையில் டிசைனராக இருப்பவருக்கு இரண்டு எஜமானர்கள்: ஒருவர் கஸ்டமர், மற்றவர் கஸ்டமருக்குத் துணையாக வரும் மச்சான். கஸ்டமரை எப்படியாவது சமாளித்துவிடலாம். திரையில் விரல் பதிய அழுத்தி, "இந்த இடம் சும்மா இருக்கே" என்று கண்டுபிடிப்பவர் மச்சான்தான். நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பேர் நின்று மூச்சுவிட, மௌஸைப் பிடித்துக்கொண்டு வேலை செய்து பழகிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. மற்றவர்களும் வாசிக்கலாம். ஆனால் தயவுசெய்து எதையும் மாற்றச் சொல்லாதீர்கள்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில் ஒரு டிஜிட்டல் பேனர் கடையில் நான்கு வருடமாக இருக்கிறேன். கோயில் திருவிழா, பிறந்தநாள், சடங்கு வீடு, மரண அறிவித்தல், அரசியல்வாதிக்கு நன்றி, அடுத்த மாதமே அதே அரசியல்வாதிக்குக் கண்டனம், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும்.

பஸ்ஸில் ஒரு கண்காட்சி

நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டம் பொகவந்தலாவைப் பாதையில் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், மாலையிலும் அப்படியே. வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வரும். நான் படிக்காத ஓவியக் கல்லூரி அந்தப் பஸ்தான். போனைத் திறந்தால், தென் அமெரிக்காவில் யாரோ ஒருவர் மூன்றே நிறத்தில் சந்தைப் பெண்களை வரைகிறார். கேரளத்தில் ஒருத்தி குடைகளை மட்டும் வரைந்து, ஒரு துளி மழையும் வரையாமல், பார்ப்பவரை நனைத்துவிடுகிறாள். ஜப்பானில் ஒருவர் பெரிய வெள்ளைத் தாளின் மூலையில் ஒரு சின்ன நாயை உட்கார வைத்துவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டார். அந்த நாயைப் பார்த்து நான் நோர்வுட் வரைக்கும் அழுதிருக்கிறேன். இவர்கள் யாரும் செத்துப்போய்ப் பெரிய ஆளானவர்கள் இல்லை. இன்றைக்கு உயிரோடு இருந்து, காலையில் தேநீர் குடித்துவிட்டு வரைந்து போடுகிறவர்கள். பிடித்ததையெல்லாம் போனில் சேமித்து வைப்பேன். அதனால் போனில் வேறு எதற்கும் இடமில்லை.

ஒருநாள் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா, மடியில் லீக்ஸ் கட்டோடு, என் போனையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மீன்காரி. முகம் முழுக்க நீலம், கண்ணுக்குப் பதில் இரண்டு புள்ளி. ரசிக்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் படத்தைப் பெரிதாக்கி அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் நன்றாகப் பார்த்தார். போனைத் திருப்பித் தந்து, என் கையையும் தட்டிக் கொடுத்தார். "ஒன் தம்பி வரைஞ்சதா? திட்டாத புள்ள, போகப் போக நல்லா வரும்."

பனிக்குள் ஒரு வேல்

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன நான், ஒரு தோட்டத்து முருகன் கோயில் திருவிழா பேனரில் கைவரிசையைக் காட்டினேன். விடியற்காலைப் பனியின் சாம்பல் நீலம். நடுவே ஒரே ஒரு வேல். அடியில் சின்ன எழுத்தில் கோயில் பெயரும் திகதியும். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கோயில் தலைவர் மச்சானோடு வந்தார். மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "மிசின்ல மை முடிஞ்சிருச்சா தங்கச்சி?" என்று கேட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் பேனரில் முருகன் வந்தார், வள்ளி தெய்வானை வந்தார்கள், பிள்ளையாரை விட்டால் கோபிப்பார் என்று அவரும் வந்தார், மாரியம்மன் வந்தாள், தேர் வந்தது, நிர்வாக சபையின் பதினெட்டுப் பாஸ்போர்ட் படங்களும் வந்தன. பதினெட்டாவது ஆளுக்கு இடமில்லாமல் நடுவில் நின்ற வேலாயுதத்தையே எடுத்தோம். யார் அந்தப் பதினெட்டாவது ஆள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் போனபிறகு முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம். ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். எங்கள் கடையின் சொந்த போர்டைப் பற்றி நான் எப்போதும் குறைசொல்வது அவருக்குத் தெரியும். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு சிவப்பு ரோசாப்பூ, எல்லாம் ஒரே குடும்பமாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு நானே ஒன்று வரைந்து மாட்டவேண்டும் என்பதுதான் நான்கு வருடமாக எனக்கிருக்கும் ஒரே ஆசை. முதலாளி சொன்னார்: "ஒரே ஒரு ஆளு, நீ வரைஞ்சத ஒன்னுமே மாத்தாம 'இப்படியே இருக்கட்டும்'னு எடுத்துக்கிட்டுப் போகட்டும். அன்னைக்கே கடை போர்டு ஒன் இஷ்டம்."

எல்லோருக்கும் ஒரே கோட்டு

மரண அறிவித்தலுக்குக் கொண்டுவரும் படம் பெரும்பாலும் அடையாள அட்டைப் படமாகத்தான் இருக்கும். பொலிஸ் பிடித்துவைத்து எடுத்ததுபோல ஒரு பார்வை. அதற்குக் கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டும் டையும் போட்டுத் தருவது எங்கள் வழக்கம். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே ஒரு கோட்டு. ஆகவே இந்த நான்கு வருடத்தில் ஹட்டன் வட்டாரத்தில் காலமான ஆண்கள் அத்தனை பேரும் அதே கருப்புக் கோட்டு, அதே நீல டையோடுதான் மேலே போயிருக்கிறார்கள். அங்கே வாசலில் நிற்பவர் இதை ஏதோ யூனிஃபார்ம் என்று நினைத்திருப்பார்.

ஒரு மகன் தன் அப்பாவின் படத்தோடு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவராம், எந்நேரமும் கம்பளிக் குல்லாதானாம். நான் பென்சிலில் வரைந்ததுபோல ஒரு முகம், தலையில் குல்லா, பின்னால் ஒன்றுமில்லை, என்று ஒரு மாதிரியைச் செய்து காட்டினேன். முதலாளியின் சவாலில் இன்று ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மகன் நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. "அப்படியே அப்பாதாங்க" என்றார். பிறகு, கோட்டுப் போடச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது கோட்டுப் போட்டாரா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபிக்காமல் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு மூன்று மணி நேரம் செலவழித்து, அந்த மனிதருக்கென்று புதிதாக ஒரு கோட்டு நானே வரைந்தேன், பொத்தான் உட்பட. மகன் சொன்னது இதுதான்: "போட்டதே இல்லைங்க. அதான் இப்பவாச்சும் போடட்டும்னு."

முறைக்காதீங்க மிஸ்

நானுஓயாப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டலிலிருந்து மேனேஜர் வந்தார். வரவேற்பறைச் சுவருக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெரிய படம் வேண்டும், எட்டடிக்கு ஆறடி. மாதிரிக்கு ஒரு படம் காட்டினார். நகத்துக்குச் சாயம் பூசிய ஒரு பெண், இரண்டு விரலால் ஒரே ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த வேகத்தில் பறித்தால் அவளுக்கு அன்றைக்கு அரைநாள் சம்பளம்கூடக் கிடைக்காது.

என் அம்மா இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். நான் அம்மாவை வரைந்தேன். கொழும்பில் கடை வேலை செய்யும் அப்பா விட்டுப்போன சட்டை சேலைக்கு மேலே. இடுப்பில் படங்கு, அதாவது சேலை நனையாமல், செடி கிழிக்காமல் சுற்றிக் கட்டும் கனத்த துணி. நெற்றியில் கொழுந்துக் கூடையின் கயிறு இழுத்த தழும்பு. கறை ஏறிய விரல். நான்கே நிறம். முகத்தில், கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் பார்த்த எத்தனையோ நாட்டுப் படங்களுக்குப் பக்கத்தில் இதை வைத்தாலும் கூச வேண்டியதில்லை என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். மாதிரி காட்டினால்தானே மாற்றச் சொல்வார்கள்? நேரே அடித்துவிட்டால்? எங்கள் மெஷினை ஓட்டும் நுவனிடம் சொன்னேன். நான் சேமித்து வைக்கும் படங்களைப் பொறுமையாகப் பார்க்கும் ஒரே மனிதர் அவர்தான். எட்டடி அம்மா மெஷினிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தபோது இருவரும் மெஷினை விட்டு நகரவில்லை. "நங்கி, இது குடுக்க வேணாம், நம்மளே வச்சிக்குவோம்" என்றார் நுவன். என்னைத் தங்கையாக ஏற்றுக்கொண்ட அந்தச் சிங்கள அண்ணன் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

மேனேஜர் விரித்துப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். முதலாளிக்கு முகம் சிவந்தது. மாதிரி காட்டாமல் அடித்தது என் தப்பு. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் போட்டோகொப்பி மெஷினுக்குப் போய்விடு என்று அங்கேயே சொன்னார். மேனேஜர் மட்டும் மரியாதை குறையாமல் விளக்கினார்: "இந்த அம்மா நம்மளையே மொறைக்கிறாங்க மிஸ். கெஸ்ட்டுங்க நிம்மதியா சாப்பிட வேணாமா?"

ஆறு பேருக்கு வரும்

மேனேஜர் வேண்டாமென்ற பேனரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்தப் பேனரும் வீணாவதில்லை. ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை ஒரு முன்னாள் வேட்பாளர். விறகை மூடியிருப்பது யாருடையதோ ஒன்றாவது பிறந்தநாள். மழை பெய்தால் நான் செய்த டிசைன்கள்தான் முதலில் நனையும்.

வாசலில் விரித்துக் காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்த ஈரத்தோடு சுற்றி நின்றார்கள். "அய்யோ, கொழும்பு அண்ணன் சட்டை!" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. "தராசுகிட்ட நிக்கிற மூஞ்சி" என்றாள் இன்னொருத்தி. யாரும் பூப் போடு, சிரிக்க வை என்று சொல்லவில்லை. அம்மா மட்டும் குனிந்து, ஓரத்தைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, படத்தில் இருந்த தன் முகத்தைப் பார்த்தாள். எத்தனை கஸ்டமர் வேண்டாம் என்றாலும் தாங்குவேன். அம்மா முகம் சுளித்தால் நான் நாளைக்கே போட்டோகொப்பிக்குப் போய்விடுவேன்.

அம்மா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். கண்கள் இருந்த துண்டு செல்வி அக்காவுக்கு, வாய் இன்னொருத்திக்கு, கை ஒருத்திக்கு, சட்டை ஒருத்திக்கு, பச்சை மட்டும் இருந்த துண்டு ஒருத்திக்கு. கீழ் மூலையில் நான் சின்னதாகப் பெயர் எழுதியிருந்தேன். அந்தத் துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, அதுதான் கொஞ்சம் அகலமாம். வெட்டுவதற்கு முன்னால் அம்மா சொன்ன வார்த்தையை நான் அப்படியே மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன்: "ஒன்னும் மாத்தாத, இப்படியே இருக்கட்டும். நல்ல கனம், ஆறு பேருக்குப் படங்கு வரும்."

கணக்கப்பிள்ளையின் ஆர்டர்

மறுநாள் முதலாளியிடம் ஓடினேன். ஒரு ஆள் ஒன்றுமே மாற்றாமல் எடுத்துக்கொண்டார், போர்டு எனக்குத்தான் என்றேன். அவர் முழுக் கதையையும் கேட்டார். "சரி, மாத்தல. ஆறா வெட்டினது மாத்தினதில்லாம என்ன?" என்று கேட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். நுவன் எனக்காகச் சிங்களத்தில் வாதாடிப் பார்த்தார். முதலாளி அதே பதிலைச் சிங்களத்தில் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கடைக்கு வந்தார். கொழுந்து நிறுப்பவர் அவர்தான். ஈரத்துக்குக் கழிவு என்று ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பவரும் அவர்தான். வெயில் காலத்திலும் கழிப்பார். மகளின் பிறந்தநாள் பேனருக்காக வந்தவர், அதை மறந்துவிட்டு, ஓர் ஓரமாக முதலாளியிடம் முறையிட்டார். தராசுக்கு முன்னால் செல்வி வந்து நிற்கிறாளாம். அவள் இடுப்பில் இரண்டு கண். இவர் கழிவு சொல்ல வாயெடுத்தால் அது பார்க்கிறதாம். பின்னால் வாய், அதற்குப் பின்னால் கை, கடைசியில் நிஜமான அம்மாவும் அதே பார்வையோடு நிற்கிறாளாம். வெட்கத்தை விட்டு அவர் கேட்டது இது: "ஒரு வாரமா எனக்குக் கழிவு சொல்ல வாயே வரல முதலாளி. அந்த ஆறு பேருக்கும் சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் ஒன்னு அடிச்சிக் குடுங்க, காச நான் தாறேன்."

போர்டு

அவர் போகும் வரைக்கும் அடக்கிவைத்திருந்த முதலாளி, பிறகு கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், நிமிர்ந்து எங்கள் போர்டைப் பார்த்தார். வெள்ளைக்காரக் குழந்தையையும் நீர்வீழ்ச்சியையும் இன்றைக்குத்தான் முதல்தடவை பார்ப்பவர்போல நின்றார். நுவன் ஏணியை எடுத்து வைத்தேவிட்டார். முதலாளி உள்ளே வந்து சொன்னார்: "கழட்டு. ஒன் இஷ்டத்துக்கு வரைஞ்சிக்க, நான் ஒன்னும் சொல்லமாட்டேன். ஓரத்துல அந்த ரோசாப்பூ மட்டும் இருக்கட்டும்."

ஆகவே சகோதர சகோதரிகளே, நம் ஊரில் நல்ல படத்துக்கு எப்போதும் இடமுண்டு, பக்கத்தில் ஒரு ரோசாப்பூவுக்கும் இடம் விட்டால்.