துணைக்கு வந்தவர்

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் துணிக்கடை இருக்கிறது. அதில் பாதியைத் திரை போட்டு மறைத்து, உள்ளே என் தையல் மிஷின். பெண்களுக்கு ரவிக்கை தைப்பதுதான் என் தொழில். கிளியூர், நாகலூர், வெள்ளக்கடை என்று சுற்றிலும் உள்ள எஸ்டேட்காரப் பெண்கள் எல்லாம் என்னை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் குளிக்கும்போது வலது மார்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காதது என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன். ரமலான் வந்தது, பெருநாள் துணி குவிந்தது. அது முடிந்ததும் பள்ளிக்கூடச் சீருடைகள். ஐந்து மாதம் இப்படியே தள்ளிப்போட்டேன். கடைசியில் சேலத்துக்குப் போய்க் காட்டியபோது டாக்டர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முதல் தடவை மருந்து ஏற்றிய அன்றே பஸ்ஸில் மலையேறினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி. கண்டக்டர் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் போக மாட்டேங்க. வர்றது வரட்டும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எப்படியோ கெஞ்சி அடுத்த தடவையும் கூட்டிப்போனார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும், நரைத்த முடியை வெட்டி விட்டிருந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது. புற்றுநோயாளிகளுக்காக நடக்கும் ஒரு அறக்கட்டளையில் சேர்ந்து வாரம் மூன்று நாள் அங்கே வருகிறவர்.

"எந்த ஊருங்க?"

"ஏற்காடுங்க."

"மருந்து ஏத்திட்டு இன்னைக்கே மலையேறுவீங்களா?"

அழுதுவிட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "பக்கத்துத் தெருவுல எங்க டிரஸ்டுக்கு ஒரு வீடு இருக்குது. நாலு ரூம். இன்னைக்கும் நாளைக்கும் அங்க இருங்க. உடம்பு கொஞ்சம் தேறின பிறகு போலாம்" என்றார். எழுந்திருக்கும்போது, "சாப்பாட்டுல ஹலால் மாதிரி எதையாவது பார்ப்பீங்களா? சொல்லிட்டீங்கன்னா சமையல்ல சொல்லிடுவேன்" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை அந்த வீட்டுக்குள் போக வைத்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மருந்து ஏற்றி முடியும் வரை ஒவ்வொரு தடவையும் அங்கேதான் தங்கினேன். எந்தப் பரிசோதனை எந்த மாடியில், எந்தச் சீட்டை யாரிடம் காட்டுவது, வாய்ப்புண் வந்தால் என்ன சாப்பிடலாம், இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இருந்தது. சொல்வதற்கு எதுவும் இல்லாதபோது சும்மா பக்கத்தில் உட்காரவும் ஆள் இருந்தது. தைரியமாக இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல என் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

மார்பு எடுத்தவர்களுக்கு ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள அவர்கள் ஒரு பஞ்சுப் பொதி கொடுத்தார்கள். நான் அதை வீட்டில் பிரித்துப் பார்த்தேன். தையல்காரிக்குக் கை சும்மா இருக்குமா? வெறும் பஞ்சாக இருந்ததால் எடை இல்லை, ரவிக்கை அந்தப் பக்கம் மேலே ஏறியது. மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சோடு கொஞ்சம் பாசிமணியையும் வைத்துத் தைத்தேன். சரியாக உட்கார்ந்தது. அடுத்த முறை போகும்போது, என்னை அங்கே தங்க வைத்த அந்த பேங்க் மேடத்திடம் காட்டினேன். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து தச்சுக் குடுப்பீங்களா?" என்றார். நோயாளியாக அந்த வீட்டுக்குப் போன நான் அன்றிலிருந்து அங்கே வேலை செய்கிறவளும் ஆனேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் சில தாள்களோடு வந்தாள். என் உடம்பிலிருந்து எடுத்த கட்டியில் பரிசோதனை போக மீதமிருந்த துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"அதனால எனக்கு ஏதாச்சும் நல்லது நடக்குமா கண்ணு?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "இல்லீங்கக்கா. உங்களுக்கு எதுவும் கிடைக்காது. பின்னால வர்றவங்களுக்குக் கிடைக்கலாம். அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட மிக நேர்மையான பதில் அதுதான். கையெழுத்துப் போட்டேன்.

சிகிச்சை முடிந்து கடைக்குத் திரும்பிய சில மாதங்களில், நாகலூரில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், ரொம்ப நாளாக என்னிடம் தைக்கிறவள். இரண்டு பழைய ரவிக்கைகளை எடுத்து வைத்தாள்.

"இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா."

"ரெண்டு பக்கமும் இல்லையா?"

"இல்லீங்க. இடது பக்கம் மட்டும்."

எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் அது மறுபடி என்னிடமே வந்துவிடும் என்பது போல ஒரு பயம். "நாளைக்கு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டேன். தையலைப் பிரித்து ஒழுங்காகத் தைத்தும் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் டிரஸ்ட்காரர்கள் நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை முகாம் போட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். பெண் டாக்டர், நர்ஸ்கள், வேன் எல்லாம் காலையிலேயே வந்தாயிற்று. பதினொரு மணி வரை வந்தது ஆறே பேர். வாசலில் மேஜை போட்டு, எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் பேர் எழுதிக்கொண்டிருந்தார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். தினமும் வேலை வாங்குகிற ஆணிடம் போய் மார்பைக் காட்ட வந்திருக்கிறேன் என்று எந்தப் பெண் பேர் கொடுப்பாள்? மேடத்திடம் சொன்னேன். அவர் ரைட்டருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எஸ்டேட் குடியிருப்புக்கு நடந்தேன்.

அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் அவள் மாமியார் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் குரல் உயர்ந்தது.

"எங்கூட்டுப் புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறவளக் கூட்டிட்டுப் போயி நோவுக்காரி ஆக்கிப் போடாதீங்க."

மருமகள் உள்ளே கதவோரம் நிற்பது தெரிந்தது.

"எனக்கும் இருந்துச்சுங்க" என்றேன். "ஒரு பக்கம் எடுத்துட்டாங்க."

வெளியாள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமியார் என் நெஞ்சை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கமுங்க?"

"வலது பக்கம்."

"தெரியவே இல்லையேங்க!"

"நானே தச்சு வச்சிருக்கறதுங்க."

மாமியார் கதவைப் பார்த்து, "கெளம்பு சாமி. நானும் வரேன். உன்னைத் தனியா உட மாட்டேன்" என்றார்.

முகாமில் டாக்டர் மருமகளைப் பரிசோதித்துவிட்டு, சேலத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். மாமியார் சண்டைக்கே போய்விட்டார். அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, அந்தப் புகையிலையைத் துப்பிட்டு வந்து வாயைத் திறங்க."

"ஏனுங்க, நோவு அவளுக்கு. என்ற வாயை எதுக்குப் பாக்கறீங்க?"

"பார்க்கறதுல என்ன இருக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே துப்பிவிட்டு வந்தார். டாக்டர் டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். காரம் பட்டால் எரியுமா என்று கேட்டார். "புகையிலை போடற எல்லாத்துக்கும் எரியறதுதானுங்க" என்றார் மாமியார். டாக்டர் இரண்டு பேருக்குமே சேலத்துக்குச் சீட்டு எழுதினார்.

அந்த வாரமே போனோம். டிரஸ்ட் வீட்டில், முன்பு நான் தங்கிய அதே அறையில் இரண்டு பேரும் தங்கினார்கள். முடிவுகள் வந்த அன்று நானும் கூட இருந்தேன். மருமகளுடையது சாதாரணக் கட்டி. எடுத்துவிட்டால் போதும், பயமில்லை. மாமியாரின் கன்னத்தில் இருந்த புண்தான் புற்று. ஆரம்ப நிலை, குணப்படுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

மருமகள் வாய்விட்டு அழுதாள். மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுவாத கண்ணு. உனக்கு இல்லைன்னுட்டாங்கல்ல" என்றார். கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பி, "தொணைக்கு வந்தவளப் புடிச்சுப் போட்டீங்களே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார்.

மாமியாரை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் மருமகளிடம் மனசில் இருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நீ ரவிக்கையக் கொண்டாந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சுக்க."

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தையல் பிரிச்சு விட எனக்கே தெரியுமுங்கக்கா. நீங்க ஏதாச்சும் கேப்பீங்கன்னுதான் கொண்டாந்தேன்."

அவளுக்கு வந்தது சாதாரணக் கட்டியாகப் போயிற்று. அப்படி இல்லாமல் போயிருந்தால் என் மௌனத்துக்கு நான் எங்கே போய்ப் பதில் சொல்லியிருப்பேன்? ஐந்து வேளைத் தொழுகையில் ஏதாவது ஒன்றில் இந்த நினைப்பு வராத நாள் இன்றுவரை இல்லை.

மாமியாரிடமும் அந்த ஆராய்ச்சிப் பெண் தாள்களோடு வந்தாள். "வெட்டுன சதைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஏன் வருகிறது என்று பார்ப்போம் என்றாள் அவள். "பாருங்க, நல்லாப் பாருங்க. கண்டுபுடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்று கைநாட்டு வைத்தார்.

அவர் பிழைத்துவிட்டார். வாய் முன்போல முழுசாகத் திறக்காது. களியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார். புகையிலையை விட்டார், ஒரு தடவை ஒளித்துவைத்துப் போட்டு மருமகளிடம் மாட்டிக்கொண்டார், மறுபடி விட்டார். ஒவ்வொரு நாளும் நொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று என்னிடம் ஒளிக்காமல் சொல்வார்.

இப்போதெல்லாம் முகாமுக்கு ஒரு வாரம் முன்பே பெண்கள் இரண்டு பேராக வீடுவீடாகப் போய்ப் பேசிவிட்டு வருகிறோம். கடையிலும் நான் கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருத்தி துணியைச் சுருட்டிக்கொண்டு வேறு டெய்லரிடம் போய்விட்டாள். போகட்டும்.

போன மாதம் வெள்ளக்கடை முகாமுக்கு அந்த மாமியாரும் வந்திருந்தார். டூவீலரில் சாய்ந்துகொண்டு புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்களிடம் போய், தன் வாயை முடிந்த அளவு திறந்து காட்டினார். ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர்கள் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். மாமியாருக்கு மட்டும் திருப்தி இல்லை; பொட்டலம் இன்னும் அவர்கள் சட்டைப்பையில்தான் இருந்தது. வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, "அடுத்த மாசமும் இங்கதானே வருவோம்?" என்று மேடத்திடம் கேட்டார்.