நாலாவது மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே

1. இறங்கி வந்த நாற்காலி

புதுக் கட்டடத்தில் எல்லோருக்கும் சாவி கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யார் யார் குடிவந்துவிட்டார்கள் என்று சரிபார்க்க ரிஜிஸ்டரோடு படியேறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மேலேயிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இறங்கி வந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கியிருந்தார்கள். நாற்காலியில் மும்தாஜ் அக்கா.

"மெதுவா நைனா, மெதுவா. நா இன்னா அரிசி மூட்டையா? இங்க கொஞ்சம் நிறுத்து. செல்வி வூட்ல அளவு ஜாக்கெட் வாங்கணும்."

தூக்கியவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். "எங்கக்கா போறீங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் மேடம். சுகர் மாத்திர தீந்து பத்து நாளாவுது. எறங்கினா ஏற முடியாது, அதான் இவனுங்கள புடிச்சேன். ஏறும்போது வேற ரெண்டு பேர புடிக்கணும். இவனுங்க இனிமே என் கண்ணுலயே பட மாட்டானுங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆபீசுக்கு வந்து உட்கார்ந்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. வேறு மாதிரி உறுத்தத் தொடங்கியது.

அப்போது நான் குடியிருப்பு வாரியத்தின் எஸ்டேட் ஆபீசில் சமுதாய அலுவலர். கோட்டூர்புரம் பக்கம், அடையாற்றை ஒட்டி இருந்த பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டியிருந்தோம். கீழ்த்தளமும் மேலே நாலு மாடியும். நாலு மாடிதான் என்பதால் அந்தக் காலத்து வரைபடத்தில் லிஃப்ட் கிடையாது. பழைய கட்டடத்தில் மும்தாஜ் அக்காவுக்குக் கீழ்வீடு. வாசலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டு பிளவுஸ் தைப்பார். போகிறவர் வருகிறவர் எல்லாம் துணியைக் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். புதுக் கட்டடத்தில் யாருக்கு எந்த வீடு என்று போட்ட குலுக்கலில் அவருக்கு நாலாவது மாடி விழுந்தது. முட்டி தேய்ந்தவருக்கு அது எத்தனை படி என்று எங்கள் ஃபைலில் எங்கேயும் இல்லை.

2. குலுக்கல்னா குலுக்கல்தான்

எஸ்டேட் ஆபீசரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கும் துடைத்தார்.

"பாவம்தான்மா. ஆனா குலுக்கல்னா குலுக்கல்தான். ஒருத்தருக்கு மாத்திக் கொடுத்தா நாளைக்குச் சிபாரிசு லெட்டரோட வரிசையா நிப்பாங்க. யாருக்கு இல்லைன்னு சொல்லுவீங்க?"

 அவர் சொன்னது சரிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு குடியிருப்பில், கீழ்வீடுகள் யாருக்கெல்லாம் போயின என்று பட்டியல் டைப் செய்தவளே நான்தான். ஆள் தெரிந்தவர்களுக்குக் கீழ்வீடு, தெரியாதவர்களுக்கு மாடி. அதை ஒழிக்கத்தான் குலுக்கல் வந்தது. அதை நானே போய் உடைக்கச் சொல்கிறேனே என்று கூச்சமாக இருந்தது.

சரி, சத்தம் போடாமல் ஒரு வழி பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்த இன்னொரு குடியிருப்பில் ஒரு கீழ்வீடு காலியாக இருந்தது. அதற்கு ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்க நாலு மாடி ஏறிப் போனேன். அக்கா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அங்க யாரு மேடம் எனக்குத் துணி குடுப்பா? என் கஸ்டமர் எல்லாம் இங்கதான் கீறாங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா பேப்பராவது மிச்சமாயிருக்கும்."

கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

3. விஜயாவின் நோட்டு

எங்கள் பகுதிக்கு மாநகராட்சி சுகாதார நிலையத்திலிருந்து விஜயா என்று ஒரு நர்ஸ் வருவார். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்து ஒரு நீளமான நோட்டில் குறித்துக்கொள்வார். ஒருநாள் அதை வாங்கிப் புரட்டினேன். பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்று, மூன்று, நாலு என்று சிவப்பு மையில் எண்கள்.

"இது என்ன மார்க்கா?"

"மாடி நம்பர் மேடம். மாத்திரை வாங்க வராதவங்க வீட்டுக்கு நானே போகணும் இல்ல? எந்த மாடின்னு தெரிஞ்சா ஒரே ஏத்தத்துல முடிச்சுடலாம். எனக்கும் முட்டி வலி இருக்கு."

தன் காலைக் காப்பாற்றிக்கொள்ள எழுதி வைத்தது அது. இருவரும் உட்கார்ந்து மாத்திரை வாங்க வராதவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தோம். ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லாம் மூன்றும் நாலும்தான். பழைய கட்டடத்தில் இருந்தபோது இதே ஆட்கள் தவறாமல் வந்தவர்கள். 

நோட்டை அப்படியே கொண்டுபோய் ஆபீசர் மேஜையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "இது சிபாரிசு இல்லையே" என்றார். பிறகு, "இதை வச்சு ஆபீஸ் குறிப்பு ஒண்ணு எழுதுங்க. மேல அனுப்பலாம்" என்றார்.

4. அன்றைக்கு எல்லோருக்கும் முட்டி வலி

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அடுத்து எழும்பும் கட்டடத்தில் நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் தனிக் குலுக்கல். ஏற்கெனவே குடியேறியவர்கள் இரு தரப்பும் சம்மதித்தால் வீடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லோர் முன்னிலையிலும், பைசா வாங்காமல்.

கூட்டம் போட்டோம். அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நேற்றுவரை வாலிபால் ஆடியவர்கள்கூடக் காலை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வரும்போது வலது கால், மைக் பிடித்தபோது இடது கால்.

விஜயா நோட்டை உயர்த்திக் காட்டினார். "உத்தரவு வர்றதுக்கு முன்னாடி இதுல பேர் இருக்கறவங்களுக்கு மட்டும்தான். இன்னிக்கு வந்த வலிக்கு நாளைக்கு ஓ.பி.க்கு வாங்க, தைலம் தரேன்."

கூட்டம் விசிலடித்தது. பாதிப் பேர் நன்றாக நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

மீதி இருந்த சிக்கல், மும்தாஜ் அக்காவுக்கு யார் கீழ்வீடு கொடுப்பது? அதே கட்டடத்தில் வாசலை ஒட்டிய கீழ்வீடு ஆட்டோ ஓட்டும் ஏழுமலைக்கு விழுந்திருந்தது. அவர் எழுந்து நின்றார்.

"குலுக்கல்ல எனக்கு வந்தது மேடம். என் ஆட்டோ என் கண்ணெதிர்ல நிக்கணும். யாராவது டயர கயட்டினு போனா நீங்களா தருவீங்க?"

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. பக்கத்திலிருந்த அவர் மனைவி கஸ்தூரி எழுந்தார்.

"ஆட்டோவ நீ பாத்துக்குவ. உள்ள கொசு கடிச்சு புள்ள ராவெல்லாம் அழுவுதே, அத யாரு பாத்துக்குறது? ஜன்னலத் தொறந்தா சாக்கட நாத்தம். தொவச்ச துணி காயல. எனக்கு மேல வூடு வோணும்."

"கூட்டத்துல மானத்த வாங்காத."

"வூட்ல சொன்னா எங்க கேக்குற நீ?"

கூட்டம் மறுபடியும் விசிலடித்தது. விஜயா மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "அந்த வீட்டுக்கா சுகர் பேஷண்டை அனுப்பப் போறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாடி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

5. காற்று

மறுநாள் ஆபீசரையே அழைத்துக்கொண்டு போய்க் கீழ்வீடுகள் எல்லாவற்றையும் காட்டினேன். கழிவுநீர்க் குழாய் ஒன்று உடைந்து, கட்டடத்துப் பின்புறம் முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆபீசர் வேட்டியை மடித்துக்கட்டாத குறையாகத் தாண்டித் தாண்டி நடந்தார். பத்து நாளில் குழாய் மாற்றி, தரை உயர்த்தி, கீழ்வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை அடித்துக் கொடுத்தார்கள்.

இப்போது ஏழுமலைக்கு வாய்ப்பாகிவிட்டது. "நாத்தம் போச்சுல்ல? இனிமே எதுக்கு மேல போவணும்?"

கஸ்தூரி கணவர் கையைப் பிடித்து நாலாவது மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் ஏறினேன். மும்தாஜ் அக்கா மெஷினில் இருந்தபடியே, "வா ஏழுமல, வா. என் வூட்டுக்கு ஆளு வந்து எவ்ளோ நாளாவுது!" என்றார். பொய்யில்லாத சந்தோஷம் அது. ஏழுமலை ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து சட்டையைத் தூக்கியது.

"இன்னா காத்துக்கா இது!"

"காத்து இருக்குது. பேச ஆள்தான் இல்ல" என்றார் அக்கா.

ஏழுமலை கீழே எட்டிப் பார்த்தார். ஆட்டோ முழுசாகத் தெரிந்தது. கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து பின் சக்கரம் மட்டும்தான் தெரியும் என்று கஸ்தூரி எடுத்துச் சொன்னார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர், "எங்க மேடம் கையெழுத்து?" என்று கேட்டார்.

தையல் மெஷினை முதலில் கீழே இறக்கியது அவர்தான்.

இரண்டு மாதம் கழித்து, மும்தாஜ் அக்காவின் சுகர் டெஸ்ட் ரிசல்ட்டை விஜயா கொண்டுவந்தார். முன்னைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. இன்னும் இறங்கியிருக்கும், துணி கொடுக்க வருகிறவர்களோடு சேர்ந்து அக்காவும் டீ குடிக்காமல் இருந்தால் என்று திட்டிவிட்டுப் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. நியாயமான விதிகூடப் போதாத இடம் வரும். அங்கே விதியை ரகசியமாக வளைக்காதீர்கள். ஊர் முன்னால் வைத்து, ஆதாரம் காட்டி, மாற்றக் கேளுங்கள். அதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாவி கொடுத்து இருபது நாள் கழித்து ஒருமுறை கட்டடத்துக்குப் போங்கள். இப்போது லிஃப்ட் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனாலும் படியிலேயே ஏறுங்கள். எந்த வீட்டு வாசலில் படியிறங்காத செருப்பு தூசி படிந்து கிடக்கிறது என்பது லிஃப்டில் போகிறவர்களுக்குத் தெரியாது.