முப்பது நாளில் திருப்பித் தர வேண்டிய பூனை

என் அப்பா மோசஸ் பத்தொன்பது வருடம் ஒரு கேட்டைக் காவல் காத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றின் மெயின் கேட். உள்ளே இருந்தது ஒரு ஃபர்னேஸும், நாலு ஷெட்டும், துருப்பிடித்த ஸ்கிராப் குவியல்களும்தான். அவர் காத்த விதத்தைப் பார்த்தால் உள்ளே தங்கம் வார்க்கிறார்கள் என்று தோன்றும்.

பாஸ் இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது. வெள்ளைப் பாஸ் என்றால் போன பொருள் திரும்பி வராது. பிங்க் பாஸ் என்றால் ரிப்பேருக்குப் போகிறது, முப்பது நாளில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுத வேண்டும். அப்பாவின் ரிஜிஸ்டரில் சிவப்பு மையே கிடையாது. இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். மேனேஜர் பிறந்த நாளுக்கு வாங்கி மிச்சமான கேக்கைக்கூட, அது உள்ளே வந்ததற்கு என்ட்ரி இல்லை என்று நிறுத்தி வைத்தவர். கோயிலிலும் வாசலோரம்தான் உட்காருவார். பாதிரியார் தாமதமாக வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

முனுசாமியின் விஷயம் 2005இல் நடந்தது. முனுசாமி ரோலிங் ஷெட்டில் வேலை செய்தவர். பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று வழி தவறிப் பாய்ந்து அவருடைய வலது கையைப் பொசுக்கிவிட்டது. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வண்டி தயாராக நின்றது. ஷிப்ட் நடுவில் வெளியே போக வேண்டிய அவுட் ஸ்லிப்பை அப்பா கேட்டார். ஸ்லிப்பில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். சூப்பர்வைசரோ கடைசி ஷெட்டில் இருந்தார். ஆள் ஓடிப் போய்க் கையெழுத்து வாங்கி வரும்வரை முனுசாமி கேட்டருகே நின்றார். பதினோரு நிமிடம். இந்தக் கணக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்டுக்கு வந்த நேரத்தையும் கேட்டைத் தாண்டிய நேரத்தையும் அப்பாவே தன் கையால் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை மட்டும்தான் இருந்தது.

"ரூலுன்னா எல்லாருக்கும் ரூலு."

என் அம்மா செண்பகம் அவருக்கு எடுத்த சோற்றைக் கரண்டியோடு சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

முனுசாமிக்கு அதன் பிறகு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. லேசான வேலை என்று ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

இனி பூனை. 2007இல், மழைக்காலம். ஸ்டோர்ஸில் எலி சாக்குகளைத் தின்கிறது என்று ஒரு பூனையை வைத்திருந்தார்கள். கேன்டீனில் அதற்குத் தினம் பால் உண்டு. அது போட்ட குட்டிகளில் ஒன்று, கம்பி ஆற வைக்கும் இடத்தில் சூடான இரும்புச் செதில்கள் மேல் நடந்து முன்னங்காலைச் சுட்டுக்கொண்டது. நொண்டிக்கொண்டே வந்து, ஆலையில் யாரும் கிட்டே போகாத இடம் ஒன்றைத் தேடிப் பிடித்தது. அதாவது, என் அப்பாவின் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து எடுத்துப் போட்டார். முதலுதவி ரிஜிஸ்டரிலும் "பூனை" என்று எழுதினார். மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது. எங்கள் ஊர் கவரப்பேட்டையில் மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார்.

"தூக்கிக்கினு போ நைனா, யாரு கேக்கப் போறாங்க?" என்றார் கேன்டீன்காரர்.

"நான் கேப்பேன்," என்றார் அப்பா.

நேராக ஸ்டோர் கீப்பர் பாக்கியநாதனிடம் போனார்.

"பூனை உங்க டிபார்ட்மென்ட். பாஸ் போடுங்க."

"பேஜாரு பண்ணாதீங்க சார். பூனைக்கு இன்னா பாஸு?"

"ஸ்டோர்ஸ் பேர்ல அதுக்குப் பால் வாங்குறீங்க இல்ல? அப்ப அது ஸ்டோர்ஸ் ஐட்டம்."

பாக்கியநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒயிட்டுன்னா ஜி.எம். கையெழுத்து வோணும். பூனைக்குக் கையெழுத்து கேட்டா என்னிய வெளிய அனுப்பிடுவாரு. பிங்க்குன்னா நானே போட்டுத் தரேன்."

"பிங்க் போடுங்க."

பொருள்: பூனைக்குட்டி, ஒன்று. காரணம்: ரிப்பேர். முப்பது நாளில் திரும்ப வேண்டியது.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் கேட்டருகே கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா தன் பையை மேசைமேல் வைத்தார். தானே திறந்தார். தானே எட்டிப் பார்த்தார். தானே பாஸைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தன்னைத் தானே வெளியே விட்டார்.

முனுசாமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்: "எனக்குப் பதினோரு நிமிஷம் புட்ச்சிது. பூனைக்கு ரெண்டு நாளு. சாரு ஆளு பாத்து சட்டம் பேச மாட்டாருபா."

வீட்டில் அம்மா பையை எட்டிப் பார்த்தாள்.

"மீனு வாங்குற ஊட்ல பூனையா? இன்னா நெனச்சிக்கினு கீறீங்க?"

"முப்பது நாள்தான். கம்பெனிப் பொருள். ஜாக்கிரதையா வெச்சிக்க."

அன்று முதல் அதன் பெயர் கம்பெனி. "ஷைனி, கம்பெனிக்குப் பால் வெச்சியா?" என்று என்னைக் கேட்பாள் அம்மா. "கம்பெனி என் பொடவைய கிழிச்சிட்ச்சி." "கம்பெனிய வெளிய தள்ளிக் கதவ சாத்து." மூன்றாவது வாரம் கம்பெனி அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு ஜெபத்தில் கலந்துகொண்டது. நான் கல்லூரிக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை யாரும் இல்லை. சாயங்காலம் அப்பா வந்து பேசுவார். ஆனால் அவர் பேசுவது கேட்டைப் பற்றி. பூனை அப்படியில்லை, அம்மா சொல்வதைக் கேட்டது.

அப்பாவும் தினம் வந்ததும் அதன் காலைப் பார்ப்பார். "வேல எவ்ளோ முடிஞ்சிருக்குன்னு செக் பண்றேன்," என்பார். செக் பண்ண அரைமணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கப் பூனை அவருடைய விரல்களை நக்கிக்கொண்டிருக்கும்.

இருபத்தொன்பதாம் நாள் அம்மா கேட்டாள்.

"நாளைக்கி எட்த்துக்கினு போவப் போறீங்களா?"

"பதினேழு வருஷத்துல ஒரு ரெட் இங்க் இல்ல, செண்பகம்."

"அந்த புக்க எவன் படிக்கப் போறான்?"

காலையில் அம்மா டிபன் கேரியரைக் கொடுத்தாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது லேசாக இருக்கிறதே என்று திறந்து பார்த்தாராம். உள்ளே நாலு மீன் தலை. பூனைக்கு மட்டும்.

ஸ்டோர்ஸ் ஜன்னலில் முனுசாமி இருந்தார். வெளியிலிருந்து திரும்பும் பொருளைப் பார்த்து வாங்குவது அப்போது அவர் வேலை. அப்பா பையையும் பிங்க் பாஸையும் நீட்டினார்.

"நில்லுங்க சார்," என்று சொல்லிவிட்டு முனுசாமி சாக்கு மடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, ஓரம் பார்த்து மடித்தார். அப்பா நின்றார். இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோராவது நிமிடம் முனுசாமி எழுந்து வந்தார். பூனையை மேசையில் இறக்கி நடக்க விட்டார். அது நொண்டியது.

"ரிப்பேர் முடியல சார். பாதி வேலைல கொண்ணாந்து குடுத்தா எப்டி வாங்குறது?"

"முனுசாமி, அன்னிக்கி..."

"அன்னிக்கி ரூலு சார். இன்னிக்கும் ரூலுதான்." மடங்காத விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு பாஸின் பின்பக்கத்தில் எழுதினார்: ரிப்பேர் முடியவில்லை, முப்பது நாள் நீட்டிப்பு. "என் கையிகூடத்தான் ரிப்பேர் முடியல. அத யாரும் ரிட்டன் கேக்கல."

அப்பா வீட்டுக்கு வந்து "நீட்டிச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். மற்றதெல்லாம் பிற்பாடு முனுசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அன்றைக்கு அவருக்கு வறுத்த மீன் நடுத்துண்டாக வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்பா பூனையைப் பையில் போட்டு ரயிலில் கூட்டிக்கொண்டு போய் நீட்டிப்பு வாங்கி வந்தார். நாலைந்து மாதத்திலேயே அது எங்கள் தெருவின் எல்லா மதில்களையும் தாண்டிக்கொண்டிருந்தது. முனுசாமி காலை அமுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கீது சார்," என்பார். சோற்று டப்பாவுக்குள் ஒளித்த நட்டு போல்ட்டை மோப்பம் பிடித்தவர் என்று பெயர் வாங்கிய என் அப்பாவுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

2009 தொடக்கத்தில் ஆலையை மூடினார்கள். சிவப்பு மை படாத ரிஜிஸ்டர்கள் எல்லாம் பழைய பேப்பரோடு லாரியில் போயின. அந்த லாரிக்கும் வெள்ளைப் பாஸைச் சரிபார்த்து அனுப்பியவர் அப்பாதான். ஜூன் மாதம் அவரும் போய்விட்டார். நெஞ்சு வலி.

அடக்கத்துக்கு ஆலை ஆட்கள் அதிகம் வரவில்லை. வருவார்கள் என்று நாங்களும் நினைக்கவில்லை. முனுசாமி வந்தார். பெட்டிக்கு அடியில் படுத்திருந்த பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அந்த பிங்க் காயிதம் இன்னும் இருக்காமா?"

அப்பாவின் பைபிளுக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்க முனுசாமியின் கோணல் எழுத்து. கடைசித் தவணை முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முனுசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பூனையை மடியில் இழுத்துப் போட்டு, காலை அமுக்கிப் பார்த்தார். ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: ரிப்பேர் முடியவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "தேதி போடலியேப்பா?"

"வோணாங்க்கா. அப்டியே இருக்கட்டும்."

அப்பா இருந்திருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டார். தேதி இல்லாத பாஸ் அவருடைய கேட்டில் செல்லாது. அம்மா வாங்கி பைபிளுக்குள் வைத்தாள். காலையிலிருந்து கம்பெனிக்கு யாரும் பால் வைக்கவில்லை என்று என்னை அடுப்படிக்கு அனுப்பினாள்.