கீழ்வாயில் நீலத் துணி

என் அக்கா வீட்டுக்காரரைக் குமிழிக்காரர் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒழுகும் ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்து, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்த்துப் பற்றவைப்பது அவர் தொழில். எனக்கு அவர் மாமா. படிப்பைப் பாதியில் விட்டு அக்கா வீட்டோடு வந்ததிலிருந்து அந்தக் கடையில் பம்பு அடிப்பது என் வேலை.

மாமா வாய் ஓயாதவர். ஈயம் உருகி ஓடும் நேரத்தில் மட்டும் பேச்சை நிறுத்துவார். கடையில் திடீரென்று சத்தமில்லை என்றால், "ஏதோ ஒரு ஓட்டை அடைபடுது" என்று அக்கா அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். வாயே திறக்காத என்னை அவர் சின்னத்தொட்டி என்று கூப்பிடுவார். பெரிய தொட்டியிலாவது குமிழி வரும், இதில் அதுவும் வராது என்று வருகிறவர்களிடமெல்லாம் காரணம் சொல்வார்.

பேச்சு எவ்வளவோ அவ்வளவு மறதி. அமிலம் தொடும் பிரஷ்ஷை ஒருமுறை டீ டம்ளரில் முக்கியிருக்கிறார். அதனால் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். காற்றடிக்கும் முன் ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் தக்கையால் அடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தக்கைகளைப் பிடுங்கிச் சுவரில் அதனதன் ஆணியில் மாட்டுவார். ஆணி எல்லாம் நிறைந்திருந்தால் ரேடியேட்டரைத் தூக்கிக் கொடுத்துவிடலாம்.

முதல் மழை விட்ட மறுநாள் நெட்டையர் வந்தார். வாடகைக்கு உழுகிறவர். அவருடைய டிராக்டருக்கு என்னைவிட வயது அதிகம். ரேடியேட்டர் பல இடத்தில் ஒழுகியது. இன்னொரு தடவை கொதித்தால் இன்ஜின் போய்விடும், பிறகு செலவழிப்பதில் அர்த்தமில்லை என்று மெக்கானிக் சொல்லியிருந்தாராம். அந்த இன்ஜின் போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. வாசலில் நின்றபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவர் தோளைத் தட்டி, "இனி கொதிச்சா என்னைக் கேளுங்கண்ணே" என்றார்.

ரேடியேட்டரின் மேல்தொட்டியைச் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய இரும்புப் பட்டையை விட்டுக் குத்தினார். செம்மண் குழம்பாகத் துரு வந்தது. மறுபடி பொருத்திப் பற்றவைத்து, தொட்டியில் இறக்கும்போது கீழ்வாய்த் தக்கை பிளந்துவிட்டது. என் பழைய பாவாடையிலிருந்து ஒரு நீலத் துண்டைக் கிழித்துக் கொடுத்தேன். காற்றடித்தால் அது பிதுங்கி வெளியே வந்தது. மாமா திருப்புளியால் குத்தி உள்ளே ஆழமாக இறக்கினார். பற்றவைத்த இடங்களில் குமிழி ஒன்றுகூட வரவில்லை. பிளந்த தக்கையையும் கைப்பழக்கத்தில் அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

நெட்டையர் வாசலிலேயே ரேடியேட்டரை மாட்டினார். வழக்கமாக இரண்டு வாளி தண்ணீர் பிடிக்குமாம், அன்று ஒன்றேகால் வாளியில் நிரம்பிவிட்டது. "உங்க கை பட்டதும் சிக்கனமாயிடுச்சு" என்றார். மாமாவும் சிரித்தார். வண்டி போய்விட்டது.

நான் தொட்டியைக் கழுவி, ஈரத் துணிகளைப் பிழிந்து காயப்போட்டேன். நீலம் மட்டும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன், குப்பையைக் கிளறினேன். ஆணிகளைப் பார்த்தேன், எல்லாம் நிறைந்திருந்தன. பிளந்த தக்கையைக் கண்டதும்தான் துணி ரேடியேட்டரின் கீழ்வாயிலேயே போய்விட்டது என்று புரிந்தது.

மாமா எதிரே டீக்கடை பெஞ்சில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தார். அந்தத் தெருவை நான் தனியாகக் கடந்ததுகூடக் குறைவு. அருகில் போய் நின்றேன்.

"மாமா, நீலத் துணி வரல."

எந்தத் துணி என்று அவர் கேட்கவில்லை. பாதிக் கதையில் எழுந்து மொபெட்டை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சாலை வளைவைத் தாண்டி டிராக்டர் நின்றிருந்தது. மூடியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சூட்டு வாடை அடித்த உடனே அணைத்துவிட்டதாக நெட்டையர் சொன்னார். பக்கத்தில் புது டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர், இதை எடைக்குப் போட்டால் நல்ல விலை வரும், உழவு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"துரு மறுபடி அடைச்சிருக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார் நெட்டையர்.

மாமா ஆறும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் முதுகு காட்டிக் குனிந்து, கீழ்க்குழாயைக் கழற்றினார். விரலை விட்டு இழுத்தார். தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. துணி அவர் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். சட்டைப்பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, துணியை உதறி, இன்ஜின் மூடி மேல் விரித்துப் போட்டார்.

"துரு இல்லண்ணே. என் துணிதான். எடுக்க மறந்துட்டேன்."

புது டிராக்டர்காரர் சிரித்தார். நெட்டையர் சிரிக்கவில்லை. இன்ஜின் இருக்கிறதா போய்விட்டதா என்று மட்டும் கேட்டார்.

குழாயை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு வாளியும் உள்ளே போனது. இன்ஜினில் விரிசல் இருந்தால், ஓடும்போது ரேடியேட்டர் மூடி வாயில் குமிழி கொப்பளித்துக்கொண்டு வரும். நெட்டையர் ஸ்டார்ட் செய்தார். குமிழி தேடியே பிழைத்த மனிதர், அது வரக்கூடாதே என்று இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்திருந்தார்.

"நீயும் பாரு, சின்னத்தொட்டி. என் கண்ண நம்ப முடியல."

பார்த்தேன். தண்ணீர் மெல்லச் சுழன்றது, அவ்வளவுதான். அவர் மறுபடி மறுபடி கேட்டார். இல்லை மாமா, இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நெட்டையர் மூடியை மாட்டி ஏறி உட்கார்ந்தார். அந்தத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது என்கிட்டயே இருக்கட்டும். உங்ககிட்ட இருந்தா எங்கயாவது வச்சிடுவீங்க" என்றார். மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த மழைக்கு நெட்டையர் உழுது முடித்தார். மாமாவின் மறதி அப்படியேதான் இருக்கிறது, ஆணிகளும் இருக்கின்றன. ஆனால் எந்த ரேடியேட்டரையும் கொடுக்கும் முன், கடையில் எத்தனை பேர் நின்றாலும், "எல்லாம் வெளிய வந்துடுச்சா?" என்று என்னைக் கேட்கிறார். தலையாட்டினால் விடமாட்டார். "வந்துடுச்சு மாமா" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் அது வாசல் தாண்டும்.