நஸீஹாவின் நாலாவது விரல்

பிஸெர்த் துறைமுக நகரில், கப்பல் போகும் கால்வாய்க்கு இந்தப் பக்கம், நஸீஹா மெஜ்ரியின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் மெல்லிய சுவர். பத்தொன்பது வருஷமாக உலக நடப்பை நான் அவள் திட்டுகள் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அவள் கடையில் காலை எட்டு மணிக்குப் போட்ட டிவி சாயங்காலம்தான் அணையும். மாவுத் தட்டுப்பாட்டைக் கணினி இனி முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும் என்று அறிவிப்பு வந்த நாளில், எதிர்ப்பக்கம் ரொட்டிக்கடை வாசலில் வளைந்து நின்ற வரிசையைக் காட்டி, "கண்டுபிடிச்சாச்சு. அதோ நிக்குது பாரு" என்றாள். மனுஷன் செய்யும் எல்லா வேலையையும் இரண்டே வருஷத்தில் இயந்திரம் செய்யும் என்று எங்கோ ஒரு கோடீஸ்வரன் சொன்னபோது, "கக்கூஸ் கழுவுமான்னு கேளுங்க முதல்ல" என்றாள். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் சிரித்தால் அதற்கும் திட்டு விழும். "சிரிச்சீங்கன்னா கண்ணு சுருங்குது. அப்புறம் நம்பர் தப்பாச்சுன்னு என்கிட்டயே வருவீங்க."

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஒரு இகழ்ச்சியான காரணம் வைத்திருந்தாள், ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்வாள். நாற்பத்தேழாம் வயதில், ஊரை விட்டுப் போன ஒரு பல் டாக்டரிடமிருந்து பழைய பியானோ ஒன்றை வாங்கி, ஆறு பேரை வைத்து மூன்றாம் மாடியில் இருந்த தன் வீட்டுக்கு ஏற்றினாள். ஏன் என்று கேட்டேன். "செய்தி கேட்டதும் யாரையாவது அறையணும்போல இருக்கு. இதை அறைஞ்சா கேஸ் போடாது."

ஒரு வாத்தியார் வந்தார். மூன்றாவது மாதம், "உங்க நாலாவது விரல் சோம்பேறி, லெல்லா" என்றார், பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லோடு. "உங்க இடது கண்ணும்தான். பரிசோதனைக்கு வாங்க" என்றாள். அவர் பரிசோதனைக்கும் வரவில்லை, பாடத்துக்கும் வரவில்லை. அதன் பிறகு தானே கற்றுக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் கற்றது வால்ட்ஸ் என்ற நடன மெட்டு ஒன்றே ஒன்று. இசைத்தாளின் இரண்டாம் பக்கத்தில் வலது கை விறுவிறுவென்று மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. அங்கே அந்த நாலாவது விரல் மடங்கிவிடும். நின்று, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, இரண்டு வரி பின்னால் போய் மறுபடி தொடங்குவாள்.

கீழ்வீட்டில் லம்ஜத் என்ற ஓய்வுபெற்ற மாலுமி இருந்தார். முப்பது வருஷம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி, கால்வாய் வழியாக உள்ளே கொண்டுவந்தவர். அவர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். அவள் குதிகாலால் தரையை இடிப்பாள். "இவ்வளவு பெரிய கப்பலைக் கரை சேர்த்தவர். போன்ல வர்ற பொய்யில ஒண்ணைக்கூட விடாம நம்புறார்" என்பாள். இருவரும் படிக்கட்டில் சலாம் சொல்லிக்கொள்வதோடு சரி.

போன குளிர்காலத்தில் நஸீஹா ஒரு காரியம் ஆரம்பித்தாள். போனை பியானோ மேல் சாய்த்து வைத்து, அன்றைய செய்தி ஒன்றை முகத்தில் சலனமில்லாமல் வாசிப்பாள். பிறகு பியானோவில் பதில் சொல்வாள். அமைச்சர் பேச்சுக்குக் கீழ்க்கோடிக் கட்டையில் இரண்டு தட்டு. புதிய செயலி அறிவிப்புக்கு மேல்கோடியில் ஒரு கீச்சு. மொத்தம் ஒரு நிமிஷம்தான், அதைக் காணொளியாக இணையத்தில் போடுவாள். அதற்கே நகரம் முழுக்கச் சிரித்தது. மீன் மார்க்கெட்டில் ஆட்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்ய மேஜையை அவள் மாதிரி இரண்டு தட்டு தட்டினார்கள்.

உள்ளூர்த் தேர்தல் வந்தது. மெத்தைக் கடை வைத்திருக்கும் வஜ்தி கல்பூசி நின்றார். கால்வாய்ப் பாலம் கப்பலுக்காக எப்போது தூக்கப்படும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு சொல்லும், அதற்கு ஒரு செயலி கொண்டுவருவேன் என்பது அவருடைய முதல் வாக்குறுதி. நஸீஹா அதை வாசித்துவிட்டு பியானோவைத் தொடவே இல்லை. கேமராவை நேராகப் பார்த்து, "பாலம் தூக்கியிருக்கான்னு தெரியணும்னா தலையைத் தூக்குங்க. தெரியலையா, கடைக்கு வாங்க" என்றாள். அந்த வாரம் வஜ்தி போன இடமெல்லாம் ஜனங்கள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்கள்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்தக் காணொளி வந்தது. காலை பத்து மணிக்குள் நான்கு குழுக்களிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. நஸீஹாவின் நீல ஸ்வெட்டர், நஸீஹாவின் பியானோ, நஸீஹாவின் குரல். "எல்லாரையும் கேலி செஞ்சேன். ஆனா நம்ம ஊருல தொழில்நுட்பம் தெரிஞ்ச ஒரே ஆள் வஜ்திதான். என் ஓட்டு அவருக்குத்தான்." பிறகு அதே வால்ட்ஸ். இரண்டாம் பக்கம் தண்ணீர் வழிவதுபோல ஏறி இறங்கியது.

நான் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் முழுவதும் பார்த்தாள். குரல் வந்த இடத்தில் முகம் கல்லாக இருந்தது. வால்ட்ஸ் வந்ததும்தான் சிவந்தது.

ஸ்ஃபாக்ஸிலிருந்து தங்கை ஹயாத் போன் செய்தாள். "அக்கா, அரசியலை விடு. ஆனா எப்படி வாசிச்சிருக்க! சொல்லவே இல்லையே, இவ்வளவு பழகியிருக்கேன்னு!"

"அது நான் இல்லடி!"

"தன்னடக்கம் உனக்குப் பொருந்தலை."

போனை வைப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். "லெல்லா, கடையை மூடிட்டு நீங்க கச்சேரிக்கே போயிடலாம்." அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினாள். நேராக மெத்தைக் கடைக்குப் போனோம்.

வஜ்தி எழுந்து நின்று வரவேற்றார். "ஆதரவாளர் யாரோ பண்ணியிருக்காங்க, எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன் லெல்லா, உங்களை அழகாத்தானே காட்டியிருக்காங்க?"

"உங்களை மாதிரி ஆளுக்கு ஓட்டுக் கேக்குற பொம்பளையாக் காட்டியிருக்காங்க. அதைவிட அசிங்கமா என்னைக் காட்ட முடியாது."

நான் தட்டச்சு செய்து கொடுத்த புகாரோடு தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அங்கே ஓர் அதிகாரி, ஐம்பது வயதுப் பெண், தூக்கமில்லாத கண்கள். வஜ்தியின் வக்கீல் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். "இவங்கதான் பேசினாங்க. யாரோ மிரட்டவும் இப்ப மாத்திச் சொல்றாங்க" என்றார்.

அதிகாரி நஸீஹாவிடம் கேட்டார். "முகம் உங்களோடது, குரல் உங்களோடது. நிபுணர் அறிக்கை வர ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள தேர்தல் முடிஞ்சிடும். இது பொய்னு நீங்க எப்படிக் காட்டுவீங்க?"

நஸீஹா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மந்திரிகளையும் கோடீஸ்வரர்களையும் நாக்கின் நுனியில் வைத்திருந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது பல் பிடுங்குவதுபோல இருந்தது.

"எனக்கு அவ்வளவு நல்லா வாசிக்க வராது" என்றாள்.

"என்ன?"

"வராதுன்னு சொல்றேன். பதினோரு வருஷமா அந்த இடம் எனக்கு வந்ததே இல்ல. வந்து பாருங்க."

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டில் கூடினோம். அதிகாரி, வக்கீல், நான். நஸீஹா உட்கார்ந்து வாசித்தாள். இரண்டாம் பக்கம் வந்தது. விரல் மடங்கியது. அதிகாரி இருக்கிறார் என்பதால் கெட்ட வார்த்தையை மட்டும் விழுங்கினாள்.

வக்கீல் கைதட்டினார். "பிரமாதம். வேணும்னே தப்பா வாசிக்க யாருக்குத்தான் வராது?"

நஸீஹா இரண்டு வரி பின்னால் போய் மறுபடி தொடங்கினாள். அப்போது கீழேயிருந்து துடைப்பக்கட்டை இடித்தது. அதிகாரி, "அது யார்?" என்றார்.

"கீழ்வீட்டுக்காரர். அவரை விடுங்க, அவர் ஒரு—"

அதிகாரி விடவில்லை. என்னை அனுப்பி அழைத்துவரச் சொன்னார். லம்ஜத் வீட்டுச் செருப்போடு மேலே வந்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறார்.

"அந்தக் காணொளி உங்களுக்கும் வந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

"வந்துச்சு. இருபது பேருக்கு அனுப்பினேன்."

நஸீஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேச்சைக் கேட்டதும் நிறுத்திட்டேன். பாட்டு வரை பார்க்கலை" என்றார் லம்ஜத். அதிகாரி பாட்டைப் போட்டுக் காட்டினார். லம்ஜத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாம் பக்கம் தடையில்லாமல் போனதும் நிமிர்ந்தார். "இது இவங்க இல்ல. இவங்க இங்க விழுவாங்க. தினம் விழுவாங்க."

"பக்கத்துவீட்டுப் பாசம்" என்றார் வக்கீல்.

"பாசமா? இவங்க மேலயா?" லம்ஜத் போனை எடுத்தார். "என் மக லியோன்ல இருக்கா. தினம் சாயங்காலம் அவளுக்குக் குரல்ல செய்தி அனுப்புவேன். மூணு வருஷத்துது அப்படியே இருக்கு, தேதியோட. இந்தச் சத்தம் இல்லாம ஒண்ணு தேடிக் கொடுங்க பார்ப்போம்."

ஒவ்வொன்றாகப் போட்டார். போன வருஷ மார்ச்: லம்ஜத் மீன் விலை சொல்கிறார், பின்னால் வால்ட்ஸ் ஏறுகிறது, விழுகிறது, மெல்லியதாக ஒரு கெட்ட வார்த்தை. ஜூலை: "மேல் வீட்டுச் சாத்தான் ஆரம்பிச்சிட்டா பாரு", ஏற்றம், விழுதல். அதற்கு முந்தின வருஷம் ரமலான்: அதே இடம், அதே விரல். ஏழு செய்திகள் கேட்டபின் வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். எட்டாவது செய்தியில் பியானோ இல்லை. "இன்னைக்கு மேல சத்தமே வரலைம்மா. மூணு நாளாச்சு. கடையும் பூட்டியிருக்கு. போய்க் கதவைத் தட்டலாமான்னு பார்க்கிறேன், வாயைத் திறந்து கடிச்சிடுவாளோன்னு பயமா இருக்கு." லம்ஜத் அவசரமாக அதை அணைத்தார். நஸீஹா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மூன்று நாள் அவள் காய்ச்சலில் கிடந்தது எனக்குத் தெரியும்.

காணொளியை நீக்கவும், அது போலி என்று வஜ்தி தன் இணையப் பக்கத்தில் எழுதவும் உத்தரவானது. எழுதினார். மூன்று வரி, பொடி எழுத்தில், ஒரு மெத்தைத் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கீழே.

நஸீஹா தன் பங்குக்கு ஒரு காணொளி போட்டாள். வால்ட்ஸ் முழுவதும், விழுவதும் நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக. "இதுதான் நான்" என்று மட்டும் சொன்னாள். போலியைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "முந்தினதுதான் நல்லா இருந்துச்சு." அதைக் கடை நடுவில் நின்று எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். "இந்த ஜனங்களுக்கு வஜ்தியே அதிகம்" என்றாள்.

வஜ்தி தோற்றார். தோற்கடித்தவர் மழைநீரை ட்ரோன் வைத்து வடியவைப்பேன் என்று சொன்னவர். முடிவு வந்த அன்று லம்ஜத் கடைக்கு வந்து புதுக் கண்ணாடி கேட்டார். அந்த ட்ரோன் விஷயம் நடக்கக்கூடியதுதான் என்று அவர் நம்பினார், படமும் காட்டினார். நஸீஹா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து நேராக்கி, அரை மணி நேரம் திட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டது. அவரும் எழுந்து போகவில்லை.